டெமோவில் உங்கள் ஊர் இருக்கட்டும்



ஆர்.ஜே. வேலைக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள் சிலர் டெமோ ஒலிப்பதிவை எனக்கு அனுப்பி, "எப்படி இருக்கு ஐயா?" என்று கேட்கிறார்கள். எல்லோருக்கும் சேர்த்து இங்கே ஒரு பதில்.

கேட்டவற்றில் பெரும்பாலானவை ஒரே ஆள் பேசியதுபோல இருக்கின்றன. தென்காசிப் பிள்ளையும் தருமபுரிப் பிள்ளையும் சென்னையின் பிரபலக் குரல் ஒன்றைப் போலவே மூச்சுவிடாமல் பேசுகிறார்கள். சிரிப்பு வராத இடத்தில் சிரிக்கிறார்கள். அந்தப் பிரபலம் ஏற்கெனவே வேலையில் இருக்கிறார். அவருடைய நகல் எதற்கு?

"தமிழாசிரியரே வட்டார வழக்குக்குப் பரிந்து பேசலாமா?" என்று கேட்பீர்கள். உச்சரிப்பு வேறு, வழக்கு வேறு. 'மழை'யை 'மளை' என்பது பிழை. அதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். தினமும் பத்து நிமிடம் செய்தித்தாளை உரக்க வாசியுங்கள், நாக்கு வசப்படும். ஆனால் 'ஏனுங்க', 'என்னலே' பிழையல்ல. அவை உங்கள் சொத்து. செய்தி வாசிக்கப் போகிறவருக்குப் பொதுத்தமிழ் வேண்டும். கோவைக்கும் நெல்லைக்கும் காலையில் வணக்கம் சொல்லப் போகிறவருக்கு அந்த ஊர் வாசனை வேண்டும்.

இலங்கை வானொலியின் கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீத், தில்லியிலிருந்து செய்தி வாசித்த சரோஜ் நாராயணசுவாமி ஆகியோரில் ஒருவர் குரலை இன்னொருவர் குரலாக யாராவது நினைத்ததுண்டா?

இனி, செய்ய வேண்டியவை. டெமோ இரண்டு மூன்று நிமிடம் போதும். தேர்வு செய்பவர் முன்னே நிறையப் பதிவுகள் குவிந்திருக்கும். உங்கள் சிறந்த பகுதியை முதல் அரை நிமிடத்திலேயே வையுங்கள். பாடல் முழுவதும் வேண்டாம். அதன் தொடக்கத்திலும் முடிவிலும் சில நொடிகள் போதும். ஒரு பாடல் அறிமுகம், ஓர் ஊர்ச் செய்தி, யாரோடாவது ஒரு சிறு உரையாடல் இருக்கட்டும். கூட்டத்தைப் பார்த்துப் பேசாதீர்கள். சமையலறையில் தனியாக இருக்கும் ஓர் அக்காவிடம் பேசுங்கள்.

பதிவுக்குச் செல்போனே போதும். மின்விசிறியை நிறுத்துங்கள். மெத்தையும் துணிகளும் உள்ள அறையில் எதிரொலி குறையும். போனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் வைத்தால் 'ப' வெடிக்காது.

அனுபவம் இல்லையா? 2004இல் அண்ணா பல்கலைக்கழகம் சமுதாய வானொலி தொடங்கியது. பிறகு வேறு பல கல்லூரிகளும் தொடங்கின. பக்கத்தில் இருந்தால் போய்க் கேளுங்கள். அங்கே பேசியதையே டெமோவாக வெட்டி எடுக்கலாம்.

அனுப்பும் முன் அம்மாவுக்குப் போட்டுக் காட்டுங்கள். "இது யாருப்பா?" என்று அவர் கேட்டால், மறுபடியும் பதிவு செய்யுங்கள்.