அலை இருக்கும் இடத்தில் அலை மின்சாரம்

மும்பையின் மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் கரண்ட் பில் தருவது பெஸ்ட் நிறுவனம். பெஸ்ட்டுக்கு நெடுங்காலமாக மின்சாரம் விற்பது டாடா பவர். அதன் டிராம்பே அனல்மின் நிலையம் செம்பூருக்கு அப்பால், கடலை ஒட்டியே புகைகிறது. அதற்கான நிலக்கரி வருவதும் கடல் வழியாகத்தான்.

இப்போது அந்தக் கடலிலிருந்தே மின்சாரம் எடுக்கும் பேச்சு வந்திருக்கிறது. மாகுலில் சுத்திகரிப்பு ஆலை வைத்திருக்கும் பாரத் பெட்ரோலியம், 2025 பிப்ரவரியில் இஸ்ரேலின் ஈகோ வேவ் பவர் நிறுவனத்தோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டது. மும்பையில் 100 கிலோவாட் சோதனை நிலையம் அமைப்பது திட்டம். ஜெட்டியிலோ அலைதடுப்புச் சுவரிலோ மிதவைகளைப் பொருத்துவார்கள். அலை ஏறி இறங்கும்போது மிதவை பிஸ்டனைத் தள்ளும். அந்த அழுத்தத்தில் கரையிலுள்ள ஜெனரேட்டர் சுழலும். கடல் கொந்தளித்தால் மிதவைகளை மேலே தூக்கிவிடலாம்.

100 கிலோவாட் என்றால் எவ்வளவு? நாள் முழுக்க முழுத்திறனில் ஓடினாலே 2,400 யூனிட்தான். அதில் கால்வாசி கிடைத்தால், மாதம் 100 யூனிட் செலவழிக்கும் 180 வீடுகளுக்குப் போதும். லேபர் கேம்ப்பில் சில சந்துகளோடு தீர்ந்துவிடும். சோதனைக்கு அது குறைவில்லை. நகரத்துக்கே விளக்கேற்றப் போவதாக யாரும் மேடையில் முழங்காமல் இருந்தால் சரி.

இந்தியாவுக்கு இது முதல் முயற்சியும் அல்ல. 1991-இல் கேரளத்தின் விழிஞ்ஞம் மீன்பிடித் துறைமுகத்தில், சென்னை ஐஐடி 150 கிலோவாட் அலை மின்நிலையத்தை நிறுவியது. சுமார் 3,000 டன் கான்கிரீட் கூடு. உள்ளே அலை ஏறினால் காற்று மேலே பீறிடும், இறங்கினால் உள்ளிழுக்கும். காற்று எந்தப் பக்கம் போனாலும் ஒரே திசையில் சுழலும் வெல்ஸ் டர்பைன் அதன் உச்சியில் இருந்தது. யோசனை அருமை, ஆனால் அலை சொன்னபடி கேட்கவில்லை. ஆண்டுச் சராசரியில் அலைமுகப்பின் ஒரு மீட்டருக்கு 13 கிலோவாட் தரும் அந்தக் கடல், தென்மேற்குப் பருவத்தில் 20 வரை போகும். ஏறி இறங்கும் மின்சாரத்தை என்ன செய்வது? பின்னாளில் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் அதைக் கொண்டு கடல்நீரைக் குடிநீராக்கிக் காட்டியது. இன்று அந்த நிலையம் இயங்கவில்லை.

மும்பைக்கு இதில் இரண்டு பாடங்கள். முதலாவது சாதகமானது: மழை மேகம் சோலார் பலகைகளை மங்கவைக்கும் மாதங்களில்தான் அரபிக்கடல் அலை வலுக்கிறது. விசைப்படகுகள் மீன்பிடித் தடையில் கரையில் நிற்கும் ஜூன், ஜூலையும் அந்தக் காலம்தான்.

இரண்டாவது, இடம். மாகுலும் டிராம்பேயும் துறைமுக உள்கடலை நோக்கியவை. நகரமே அவற்றுக்கு அலைதடுப்பு. திறந்த கடல் மோதுவது வொர்லி, ஹாஜி அலி பக்கம். ஆலைக்கு அருகில் என்பதற்காக அமைதியான நீரில் மிதவையைக் கட்டிவிட்டு, பிறகு அலை மின்சாரமே தோல்வி என்று கோப்பை மூடினால் அது நியாயமான சோதனை ஆகாது.

ஸ்பெயினின் முத்ரிகு ஊரில் அலைதடுப்புச் சுவர் கட்டும்போதே, விழிஞ்ஞத்துக் கூடு போன்ற காற்றறைகளையும் சேர்த்துக் கட்டினார்கள். 2011 முதல் அங்கே 16 டர்பைன்கள், மொத்தம் 296 கிலோவாட். கடற்கரைச் சாலைக்காகக் கிலோமீட்டர் கணக்கில் கடற்சுவர் எழுப்பிய மும்பை அந்த வாய்ப்பைத் தவறவிட்டது. பால்கர் மாவட்டத்து வாத்வனில் வரவிருக்கும் துறைமுகத்துக்குச் சுமார் 10 கிலோமீட்டர் அலைதடுப்புச் சுவர் திட்டமிடப்பட்டிருக்கிறது. மீனவர்கள் எதிர்க்கும் அந்தத் துறைமுகம் வேண்டுமா என்பது தனி வழக்கு. கட்டியே தீருவோம் என்பவர்கள், அந்தச் சுவரில் சில மீட்டராவது காற்றறைகளுக்கு ஒதுக்கி, மாதவாரியாக எத்தனை யூனிட் வந்தது என்ற கணக்கையும் வெளியிட வேண்டும்.