ஒன்றாம் வகுப்பு டீச்சருக்குப் படிக்க என்ன இருக்கிறது?

"சாருக்கென்ன, ரெண்டு மாசம் லீவு. மாசக் கடைசில சம்பளம் மட்டும் டாண்ணு விழுந்திரும்." ஏப்ரல் பிறந்துவிட்டால் கரிசல் காட்டு மேலநீலிதநல்லூர் பஸ் நிறுத்தத்தில் இந்தப் பேச்சைக் கேட்கலாம். சென்னையில் தொலைக்காட்சி விவாதங்களிலும் இதையே கொஞ்சம் நாகரிகமான தமிழில் கேட்கலாம். அதோடு நின்றால் வயிற்றெரிச்சல் என்று விட்டுவிடலாம்தான். ஆனால் பேச்சு வளர்ந்து ஒரு வாதமாகவே ஆகிவிட்டது. கோடை முழுக்க ஆசிரியர்கள் சும்மா இருக்கிறார்கள். அதிலும் தொடக்கப்பள்ளி ஆசிரியருக்குப் புதிதாகப் படிக்க ஒன்றும் கிடையாது. யாராவது படித்தால் அது இன்கிரிமென்டுக்காக. ஆகவே விடுமுறையைப் பிடுங்கிக்கொண்டு கட்டாயப் பயிற்சி வைத்தால்தான் அரசுப் பள்ளி உருப்படும். இதுதான் அந்த வாதம். நாலு படி, நாலும் சொத்தை.

முதல் படியை முடிக்க ஒரு காலண்டர் போதும். 2025 இல் ஒன்று முதல் ஐந்து வகுப்புப் பிள்ளைகளுக்கு ஏப்ரல் 17 உடன் தேர்வு முடிந்தது, வெயிலை முன்னிட்டுத் தேதியை முன்னுக்கு இழுத்திருந்தார்கள். ஆசிரியர்களுக்கு ஏப்ரல் 30 வரை பள்ளி உண்டு. ஜூன் 2 இல் மறுபடி திறந்தார்கள். ஆக மொத்தம் மே மாதமும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும். அந்த மே மாதமும் இனாம் இல்லை. மற்ற அரசு ஊழியருக்கு ஆண்டுக்கு 30 நாள் ஈட்டிய விடுப்பு, ஆசிரியருக்கு 17 நாள். கோடை விடுமுறை இருக்கிறதே என்று சொல்லித்தான் அந்த வெட்டு. 2024 இல் ஏப்ரல் 19 மக்களவைத் தேர்தல், வாக்குச்சாவடி வேலை, அதற்கான வகுப்புகள், நடுவில் மாணவர் சேர்க்கைக்காக வீடு வீடாக ஏறி இறங்குவது என்று போனதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. சம்பளம் பற்றியும் ஒரு வார்த்தை. 2012 இல் ஓவியம், உடற்கல்வி, தையல் என்று நடுநிலைப்பள்ளிகளில் சேர்க்கப்பட்ட பகுதிநேர ஆசிரியர்கள் மே மாதச் சம்பளமே இல்லாமல் பல ஆண்டுகள் ஓட்டினார்கள். "சும்மா சம்பளம்" என்று அவர்கள் முகத்தைப் பார்த்து யாராவது சொல்லியிருப்பார்களா தெரியவில்லை.

இரண்டாவது படிதான் முக்கியமானது. அ, ஆ மாறவில்லை, ரெண்டும் ரெண்டும் நாலுதான், பிறகு ஒன்றாம் வகுப்பு டீச்சர் படிக்க என்ன இருக்கிறது என்று கேட்கிறார்கள். கேட்பவர்களில் படித்தவர்களும் உண்டு. கல்லூரிப் பேராசிரியர் கோடையில் படித்தால் அதற்குப் பெயர் ஆராய்ச்சி, ஒன்றாம் வகுப்பு டீச்சர் படிக்கிறேன் என்றால் சிரிப்பு. மேலநீலிதநல்லூரில் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் கல்லூரியும் இருக்கிறது, தொடக்கப்பள்ளிகளும் இருக்கின்றன. இந்த ஏற்றத்தாழ்வைப் பார்க்க வெளியூர் போகத் தேவையில்லை.

2000 வாக்கில் வேலைக்கு வந்த ஓர் இடைநிலை ஆசிரியரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் அவர் கற்றுக்கொண்டது கரும்பலகைக்கு முன் நின்று பாடம் நடத்த. 2003 இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. ஆந்திரத்தின் ரிஷிவேலியில் உருவான முறையைப் பார்த்து, மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் முன்கையெடுத்துக் கொண்டுவந்தது அது. 2007-08 இல் அது தமிழ்நாடு முழுக்கப் பரவியது. நாற்காலியை ஒதுக்கிவிட்டுத் தரையில் பிள்ளைகளோடு உட்கார வேண்டும். சுவரின் அடியில் பிள்ளை எட்டும் உயரத்தில் கரும்பலகை. பாடப்புத்தகத்துக்குப் பதில் அட்டைகள், அந்த அட்டைகளுக்கு ஓர் ஏணி, எந்தப் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்று ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அது கைக்குப் பழகும்போது 2010 இல் சமச்சீர்க் கல்வி வந்தது. 2012-13 இல் முப்பருவ முறையும் தொடர் மதிப்பீடும். அதை ஒட்டியே ஆங்கிலவழிப் பிரிவுகள். தமிழ்வழியில் படித்தவர் கணக்கையும் சூழ்நிலையியலையும் இங்கிலீஷில் சொல்ல வேண்டும். 2018-19, 2019-20 ஆகிய இரண்டே ஆண்டுகளில் எல்லா வகுப்புக்கும் புதிய புத்தகங்கள், பக்கத்துக்குப் பக்கம் கியூஆர் குறியீடு. அடுத்து கொரோனா, கைபேசியில் வகுப்பு. 2022 ஜூன் 13 அன்று எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கியது: அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலை, அவரவர் நிலைக்கு அவரவர் பயிற்சிநூல்.

இருபது ஆண்டுக்குள் இத்தனை முறை தன் தொழிலை அடியிலிருந்து மாற்றிக்கொள்ளச் சொல்லி வேறு எந்த அரசு ஊழியரையாவது கேட்டிருக்கிறார்களா? நில அளவையருக்குக் கருவி மாறியது, கருவூலத்துக்குக் கணினி வந்தது. ஆனால் உட்காரும் இடம் முதல் பேசும் மொழி வரை மாறியது இவர்களுக்குத்தான். ஒவ்வொரு மாற்றமும் ஜூனில் நடைமுறைக்கு வரும். அப்படியானால் அதைப் படித்துப் பார்த்துத் தயாராகும் மாதம் எது?

இது மேலிருந்து வரும் படிப்பு. கீழிருந்து வருவது இதைவிடச் சுவாரசியம். மேலநீலிதநல்லூர் ஒன்றியத்தின் ஈராசிரியர் பள்ளி ஒன்றில் வேலை பார்க்கும் ஒரு டீச்சர், ஏப்ரல் தேர்வுத் தாள்களை எடைக்குப் போடமாட்டார். மே மாதம் மத்தியானங்களில் அவற்றை விரித்துவைத்துக்கொண்டு சரியான விடைகளை விட்டுவிட்டுத் தப்பான விடைகளை மட்டும் ஒரு நோட்டில் எழுதுவார். நூற்றைந்து என்று சொன்னால் 1005 என்று எழுதும் பிள்ளை. இருநூற்று முப்பத்தாறுக்கு 200306 என்று எழுதும் பிள்ளை. "இதென்ன டீச்சர், சைபரை வாரி இறைச்சிருக்கு" என்று பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்க ஒன்றுமில்லை. அந்தப் பிள்ளை காதில் விழுந்ததை விழுந்தபடி எழுதியிருக்கிறது, நூறு, அடுத்து ஐந்து. அதற்கு எண் தெரியும், இடமதிப்புதான் இன்னும் பிடிபடவில்லை. எண் தெரியாத பிள்ளைக்கு ஒரு வைத்தியம், இடமதிப்புப் பிடிபடாத பிள்ளைக்கு வேறு வைத்தியம். சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போகிறவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

அந்த டீச்சர் வீட்டுக்கு வந்த கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி அட்டை செய்கிறார். நூறு என்று ஒரு நீள அட்டை, பத்துகளுக்குக் கொஞ்சம் சின்னது, ஒன்றுகளுக்கு அதைவிடச் சின்னது. நூறு அட்டையின் கடைசி சைபர் மேல் ஐந்து அட்டையை வைத்தால் 105. சைபர் எங்கேயும் போய்விடவில்லை, ஐந்துக்கு அடியில்தான் இருக்கிறது. தூக்கிப் பார்த்தால் தெரியும். பிள்ளைகள் தூக்கித் தூக்கிப் பார்க்கும். இது அவர் கண்டுபிடித்ததல்ல, கணக்குக் கற்பிப்பவர்கள் பல நாடுகளில் பயன்படுத்தும் பழைய உத்தி. ஆனால் தன் வகுப்பில் எந்தப் பிள்ளைக்கு அது வேண்டும் என்பதை அந்த நோட்டிலிருந்துதான் அவர் தெரிந்துகொண்டார். எந்தப் பயிற்சிக் கட்டகத்திலும் அது அச்சாகியிருக்காது.

கரிசல் காட்டில் இன்னொரு பாடமும் உண்டு. இந்தப் பக்கம் பல வீடுகளில் பேச்சு தெலுங்கு. கரிசல் வழக்குக்கு அகராதி தொகுத்த கி. ராஜநாராயணனின் வீட்டு மொழியும் அதுதான். வீட்டில் நீள்ளு கேட்ட பிள்ளை பள்ளிக்கு வந்து தண்ணீர் என்று எழுதுவதற்குள் தாண்டும் தூரம், தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளை தாண்டும் தூரமல்ல. வெளியூரிலிருந்து மாறுதலாகி வரும் ஆசிரியர் இதைத் தெரிந்துகொள்வது பயிற்சி மண்டபத்தில் இல்லை, சேர்க்கைக்காகத் தெருவில் நடக்கும்போதும் ஊர்க் கோவில் கொடைக்குப் போய் உட்காரும்போதும்தான். கொடைக்குப் போவதும் படிப்பா என்று கேட்கலாம். அந்தப் பிள்ளையின் வாய்மொழித் தேர்வைப் பார்த்தவர் கேட்கமாட்டார்.

மூன்றாவது படி, இன்கிரிமென்ட். இதில் பழைய உண்மை கொஞ்சம் இருக்கிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் அஞ்சல்வழியில் பட்டம் கொடுக்கத் தொடங்கிய பிறகு ஒரு தலைமுறை ஆசிரியர்கள் கோடையில் தொடர்பு வகுப்புகளுக்குப் போய் பி.ஏ., எம்.ஏ., பி.எட். முடித்தார்கள். பட்டத்துக்கு ஊக்க ஊதியம் கிடைத்தது, வாங்கிக்கொண்டார்கள். அதில் குற்றம் என்ன? தவிர, தமிழ்நாடு அரசு அந்த ஊக்க ஊதிய உயர்வை 2020 மார்ச்சில் நிறுத்திவிட்டது. காசுக்காகத்தான் படித்தார்கள் என்றால் அந்த மாதத்தோடு படிப்பு நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. தொலைநிலைக் கல்வியில் ஆசிரியர்கள் இன்றும் சேர்கிறார்கள். எங்கோ ஓர் ஊரில் கிஜுபாய் பதேகாவின் 'பகல் கனவு', டெட்சுகோ குரோயநாகியின் 'டோட்டோ சான்', ச. மாடசாமியின் 'எனக்குரிய இடம் எங்கே?' என்று ஆசிரியர்கள் கைமாற்றிப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். அதற்கு எந்த அரசாணையும் காசு கொடுப்பதில்லை.

இப்போது வேறொரு படிப்பு வந்து சேர்ந்திருக்கிறது. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம், ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் இருக்கும் ஆசிரியர்கள் இரண்டாண்டுக்குள் ஆசிரியர் தகுதித் தேர்வில் (டெட்) தேற வேண்டும் என்று தீர்ப்பளித்தது. நாற்பத்தைந்து வயதில், மகள் நீட்டுக்குப் படிக்கும் அதே மேஜையில், அம்மா டெட்டுக்குப் படிக்கிறார். 150 கேள்வி: குழந்தை வளர்ச்சி, தமிழ், ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல், ஒவ்வொன்றுக்கும் 30. கோடையில் ஆசிரியர்கள் படிப்பதில்லை என்பவர்களுக்கு இதைவிட எளிதான மறுப்பு கிடைக்காது. ஆனாலும் இதை நான் பெரிதாகக் காட்ட விரும்பவில்லை. வேலை போய்விடுமோ என்ற பயத்தில் மனப்பாடம் செய்யும் உளவியல், 1005 எழுதிய பிள்ளையிடம் எவ்வளவு போய்ச் சேரும் என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. அந்தக் கோடையில் தப்பு விடை நோட்டு மூடியே கிடக்கும்.

கடைசிப் படி: விடுமுறையை எடுத்துக் கட்டாயப் பயிற்சி வை. இங்கே எதிர்த்தரப்பு நீட்டும் ஆதாரம் கனமானது. பிள்ளைகளின் வாசிப்பைச் சோதிக்கும் ஏசர் ஆய்வின் 2022 அறிக்கைப்படி, தமிழ்நாட்டுக் கிராமங்களில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. ஆசிரியர்கள் இவ்வளவு படித்தால் பிள்ளைகள் ஏன் படிக்கவில்லை? பதிலின் பெரும்பகுதி அந்தத் தேதியிலேயே இருக்கிறது. 2022 இல் மூன்றாம் வகுப்பில் இருந்த பிள்ளை ஒன்றாம் வகுப்பைப் பள்ளிக்கூடத்தில் படிக்கவே இல்லை, கொரோனா பூட்டியிருந்தது. ஆனால் 2018 இலும் அந்த எண் பத்தைத்தான் தொட்டது. ஆகவே குறை இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. குறை பயிற்சி போதாமையா என்பதுதான் கேள்வி.

பயிற்சி எப்படி வந்து சேர்கிறது என்று பாருங்கள். மாநில அளவில் கருத்தாளர்களுக்கு, அவர்களிடமிருந்து மாவட்டத்துக்கு, பிறகு வட்டாரத்துக்கு. ஒன்றியத்துக்கு வரும்போது சொன்னதில் பாதி வழியிலேயே சிந்தியிருக்கும். காலையில் வருகைப் பதிவு, திரையில் படம், பதினோரு மணிக்கு டீ, சாயங்காலம் குழுப் புகைப்படம். பயிற்றுநரைக் குறை சொல்லிப் பயனில்லை, அவருக்கும் அவ்வளவுதான் கொடுத்தனுப்பினார்கள். 1986 தேசியக் கல்விக் கொள்கையின் பேரில் மாவட்டந்தோறும் தொடங்கிய ஆசிரியர் கல்வி நிறுவனம் நெல்லைக்கு முனைஞ்சிப்பட்டியில் இருக்கிறது. மேலநீலிதநல்லூரிலிருந்து திருநெல்வேலி போய், பஸ் மாறி, நாங்குநேரிப் பக்கம் போக வேண்டும். அக்கினி நட்சத்திரத்தில் அந்தப் பயணத்தைக் கட்டாயமாக்கினால் என்ன கற்றுக்கொள்வார்கள் என்று ஊகிக்கலாம். 2023 இல் வெயில் தாங்காமல் ஒன்று முதல் ஐந்து வகுப்புகளை ஜூன் 14 வரை திறக்கவே இல்லை என்பது நினைவிருக்கும்.

நாள் கூடினால் தரம் கூடும் என்பதற்கும் உலகத்தில் அத்தாட்சி இல்லை. பின்லாந்தில் பள்ளி நாட்கள் 190க்கு மேல் போவதில்லை, கோடை விடுமுறை ஏறக்குறைய பத்து வாரம். நம் கல்வி உரிமைச் சட்டம் தொடக்க வகுப்புகளுக்கே 200 நாள் கேட்கிறது. ஜப்பானைக் காட்டுவார்கள், அங்கே கோடையிலும் ஆசிரியர் பணியில் இருப்பதாகத்தான் கணக்கு. சரி, ஆனால் அங்கே நூறாண்டுக்கு மேலாக நடப்பது என்ன? நாலைந்து ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள். ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் ஆசிரியரைப் பார்க்காமல் பிள்ளைகளைப் பார்த்துக் குறிப்பெடுப்பார்கள். பிறகு உட்கார்ந்து பேசுவார்கள். எடுத்துக்கொள்வதானால் அதை எடுத்துக்கொள்ளலாம்.

எல்லா ஆசிரியரும் அப்படியா என்று கேட்பார்கள். இல்லை. மே மாதத்தில் பிளாட் விற்பவர் உண்டு, எல்ஐசி பார்ப்பவர் உண்டு, நிஜமாகவே தூங்குபவரும் உண்டு. வருடம் முழுக்க ஐந்து வகுப்பை இரண்டு பேராக மேய்த்தவர் பதினைந்து நாள் தூங்கினால் எனக்கு வருத்தமில்லை. ஆனால் படிப்பவர் எத்தனை பேர் என்று எதை வைத்துச் சொல்வது? பயிற்சிக்கு வந்தவர், வராதவர் பெயர் பதிவேட்டில் இருக்கும். தப்பு விடை நோட்டு வைத்திருப்பவர் யார் என்று கேட்கும் கட்டம் எந்தப் படிவத்திலும் இல்லை. கட்டம் இல்லாததால் ஆளே இல்லை என்று முடிவு செய்துவிட்டார்கள்.

புதிதாக ஒரு பயிற்சி அறிவிக்க வேண்டாம். ஜூனில் அக்கம்பக்கப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் முதல் குறுவள மையக் கூட்டத்தில் திரையை ஒரு மணி நேரம் அணைத்துவைத்து, சென்ற ஆண்டு எந்தத் தப்பை அதிகம் பார்த்தீர்கள், அதற்கு என்ன செய்தீர்கள் என்று ஒவ்வொருவரையும் கேட்கலாம். மேலநீலிதநல்லூர் வட்டார வள மையத்துக்கு இதற்கென்று தனி நிதி வேண்டியதில்லை. ஏப்ரல் மாதமே சுற்றறிக்கை அனுப்பிவிட்டால் விடைத்தாள்கள் எடைக்குப் போகாமல் இருக்கும்.