பல்கலைக்கழகங்களில் பகுதிநேர உதவியாளர் பணி: நம் வீடுகள் கவனிக்கத் தவறும் வாசல்

சென்ற மாதம் ஒருநாள் அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்திருந்தேன். எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த சகோதரர் ஒருவர் கையில் ஒரு தாளோடு வந்து அருகில் உட்கார்ந்தார். அவருடைய மகள் எம்.ஏ. வரலாறு முடித்தவர். பேருந்தில் முக்கால் மணி நேரத் தொலைவில் உள்ள பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வுத் திட்டத்துக்கு உதவியாளராகச் சேர அழைப்பு வந்திருக்கிறது. வாரத்துக்கு மூன்று நாள் வேலை. பதினோரு மாத ஒப்பந்தம். தொகுப்பூதியம்.

"ஹஜ்ரத், இதெல்லாம் ஒரு வேலையா? பதினோரு மாசம் முடிஞ்சா வீட்டுக்குப் போன்னு சொல்லிடுவாங்களாம். இதுக்கு அலையுறதுக்குப் பேசாம பி.எட். சேர்த்து விட்டுடலாமா?" என்று கேட்டார்.

அவர் கேட்டதில் தவறில்லை. பிள்ளையின் எதிர்காலம் பற்றி ஒரு தகப்பன் கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் ஆம், இல்லை என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடக் கூடிய பதிலும் இதற்கு இல்லை. நம் சமுதாயத்துப் பிள்ளைகள் உயர்கல்வியில் இன்று எந்த இடத்தில் நிற்கிறார்கள் என்பதோடு சேர்த்துத்தான் இதைப் பார்க்க வேண்டும்.

இது என்ன வேலை?

பல்கலைக்கழகத்தில் நடக்கும் ஆய்வுகளில் பெரும்பகுதி, வெளியிலிருந்து வரும் நிதியில் நடப்பவை. இந்திய சமூக அறிவியல் ஆய்வுக் கழகம், மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை, மாநில அரசுத் துறைகள் போன்றவை ஒரு பேராசிரியரை நம்பி, ஒரு குறிப்பிட்ட தலைப்புக்கு, குறிப்பிட்ட காலத்துக்குப் பணம் ஒதுக்குகின்றன. அந்தப் பணத்தில் ஒரு பகுதி உதவியாளர்களின் சம்பளத்துக்கு. திட்டம் முடிந்தால் பணியும் முடிந்தது. அதனால்தான் அறிவிப்பிலேயே 'முற்றிலும் தற்காலிகமானது' என்று எழுதியிருக்கும்.

ஆய்வு உதவியாளர் என்றால் வீடு வீடாகச் சென்று கணக்கெடுப்பது, பதிவு செய்த நேர்காணல்களைக் கேட்டு எழுதுவது, விவரங்களைக் கணினியில் ஏற்றுவது, நூலகத்தில் பழைய ஆவணங்களைத் தேடிக் குறிப்பெடுப்பது போன்ற வேலைகள். நிர்வாக உதவியாளர் என்றால் சேர்க்கைக் காலத்தில் விண்ணப்பங்களைச் சரிபார்ப்பது, தேர்வுப் பிரிவில் பதிவேடுகளைப் பராமரிப்பது, திட்டக் கணக்குகளுக்கு ரசீது சேர்ப்பது ஆகியவை.

இந்த அறிவிப்புகள் பெரும்பாலும் நாளிதழ்களில் வருவதில்லை. பல்கலைக்கழக இணையதளத்தின் ஒரு மூலையில் வரும். விண்ணப்பிக்க இரண்டு வாரம் அவகாசம் இருந்தால் அதுவே அதிகம். மற்றபடி பேராசிரியரிடமிருந்து மாணவருக்கு, மாணவரிடமிருந்து தோழருக்கு என்று வாய்வழியாகப் பரவும். ஏற்கெனவே உள்ளே ஆள் இருக்கும் குடும்பங்களுக்குத்தான் செய்தி எட்டும். நம் வீடுகளுக்கு எட்டாமல் போவதற்கு முதல் காரணம் இதுவே.

இது படிப்புக்குச் சம்பந்தமில்லாத கூலி வேலை என்றும் எண்ண வேண்டாம். யுஜிசி 2022 நவம்பரில் வெளியிட்ட முனைவர் பட்ட விதிமுறைகள், ஆய்வு மாணவர்களுக்கு வாரத்தில் 4 முதல் 6 மணி நேரம் கற்பித்தல் அல்லது ஆய்வு உதவிப் பணி தரலாம் என்கின்றன. ஐஐடிகளில் கேட் தேர்வு மூலம் எம்.டெக். சேர்ந்தவர்கள் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை பெறுகிறார்கள். அதற்கு ஈடாக வாரம் 8 மணி நேரம் துறையின் வேலைகளைச் செய்கிறார்கள். உதவியாளராக இருந்து கற்பதைப் பயிற்சியின் ஒரு பகுதியாகவே உயர்கல்வி உலகம் கருதுகிறது.

2022-ல் மூடப்பட்ட கதவு

சச்சார் குழுவின் அறிக்கை 2006-ல் வந்தது. அதன் தொடர்ச்சியாக, சிறுபான்மை மாணவர்கள் ஆய்வுப் படிப்புக்கு வர வேண்டும் என்ற நோக்கில் மௌலானா ஆசாத் தேசிய ஆய்வு உதவித்தொகை 2009-ல் தொடங்கப்பட்டது. நம் பிள்ளைகள் பலர் முனைவர் பட்டம் வரை செல்ல இந்த உதவித்தொகை கைகொடுத்தது. 2022 டிசம்பர் 8 அன்று, 2022-23 முதல் இத்திட்டம் நிறுத்தப்படுவதாக அன்றைய சிறுபான்மையினர் நலத்துறை அமைச்சர் ஸ்மிருதி இரானி மக்களவையில் தெரிவித்தார். வேறு பல உதவித்தொகைத் திட்டங்களும் இதே பயனைத் தருகின்றன என்பது சொல்லப்பட்ட காரணம். வெளிநாட்டுக் கல்விக்கடனுக்கு வட்டி மானியம் தந்த 'படோ பர்தேஷ்' திட்டமும் அதே 2022-23 முதல் நின்றுபோனது.

நாட்டின் மக்கள் தொகையில் முஸ்லிம்கள் 2011 கணக்கெடுப்பின்படி 14.2 சதவீதம். ஆனால் உயர்கல்வி குறித்த அகில இந்திய ஆய்வின்படி, 2020-21-ல் உயர்கல்வி நிறுவனங்களில் படித்தவர்களில் முஸ்லிம்கள் 4.6 சதவீதம் மட்டுமே. முந்தைய ஆண்டில் 21 லட்சமாக இருந்த எண்ணிக்கை அந்த ஆண்டில் 19.2 லட்சமாகச் சரிந்தது. அடுத்த ஆண்டே மீண்டும் 21 லட்சத்தைத் தொட்டது என்பதையும் சொல்ல வேண்டும். இருந்தாலும் நம் பங்கு 5 சதவீதத்தை எட்டவில்லை. ஏறுவதற்கே ஆள் குறைவாக இருக்கும்போது ஏணியின் ஒரு படியை எடுத்துவிட்டார்கள்.

மிச்சமுள்ள வழிகள் என்ன? நெட் தேர்வில் ஜேஆர்எஃப் தகுதி பெற்றால் 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். பின்னர் அது 42,000 ஆகும். ஆனால் தேர்வு எழுதுவோரில் மிகச் சிலருக்கே அது கிடைக்கும். மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் இல்லாத ஆய்வு மாணவர்களுக்கான தொகை மாதம் 8,000 ரூபாய். விடுதிக்கும் உணவுக்கும் கொடுத்த பிறகு அதில் என்ன மிஞ்சும்?

இங்கே பெற்றோர்கள் பலர் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. தேசிய ஓபிசி ஆய்வு உதவித்தொகை என்று ஒன்று இருக்கிறது. ராவுத்தர், மரைக்காயர் உள்ளிட்ட லெப்பை சமூகத்தினர் தமிழ்நாட்டுக்கான மத்திய ஓபிசி பட்டியலில் இடம்பெற்றுள்ளனர். ஆனால் மாநில அரசு தரும் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் சாதிச் சான்றிதழ் இதற்குச் செல்லாது. மத்திய அரசுப் பயன்பாட்டுக்கான ஓபிசி சான்றிதழைத் தனியாக வாங்க வேண்டும். வசதி படைத்த பிரிவில் வரவில்லை என்பதும் அதில் இருக்க வேண்டும். மற்ற பிரிவினர் தங்கள் பெயர் பட்டியலில் உள்ளதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தகுதி இருந்தும் ஒரு சான்றிதழ் இல்லாமல் வாய்ப்பை இழப்பது வேதனையான செய்தி.

இரண்டு பக்கமும் கட்டப்பட்ட கைகள்

மௌலானா ஆசாத் உதவித்தொகையை ஏற்கெனவே பெற்று வந்தவர்களுக்கு, அவர்களின் காலம் முடியும் வரை தொடரும் என்று அறிவிக்கப்பட்டது. நடைமுறையில் பல மாதங்கள் பணம் வராமல் அந்த மாணவர்கள் அமைச்சகத்துக்கு மனு மேல் மனு அனுப்ப வேண்டியதாயிற்று. சரி, அதுவரை ஒரு பகுதிநேர வேலை பார்த்துச் சமாளிக்கலாமா என்றால் முடியாது. இப்படிப்பட்ட முழுநேர உதவித்தொகை பெறுபவர் வேறு எந்த ஊதியமும் பெறக் கூடாது என்பது விதி. பணமும் வராது, வேலைக்கும் போக முடியாது. வீட்டில் அத்தாவிடம் கேட்கவும் வெட்கம். முப்பது வயதைத் தொட்ட பிள்ளைகள் இந்த நிலையில் ஆய்வைக் கைவிட்டால் அவர்களைக் குறை சொல்ல நமக்கு என்ன தகுதி இருக்கிறது?

ஆகவே எந்த உதவித்தொகையும் பெறாதவர்களுக்கும், எம்.ஏ. முடித்து அடுத்து என்ன என்று நிற்பவர்களுக்கும்தான் பகுதிநேர உதவியாளர் பணி உண்மையான வழியாக இருக்கிறது.

நான் கண்டது

மதரஸாவில் ஓதி முடித்துவிட்டு இளங்கலை படித்த நாட்களில் எனக்கும் இப்படியொரு வேலை கிடைத்தது. ஒரு கல்வி நிறுவனத்தில் கிடந்த பழைய அரபு, உருது நூல்களுக்குப் பட்டியல் தயாரிக்கும் வேலை. மாலை இரண்டு மணி நேரம். சம்பளம் சொற்பம். அதுவும் ஐந்து மாதம் கழித்துத்தான் வந்தது. கேட்கும்போதெல்லாம் 'ஃபைல் மேலே போயிருக்கிறது' என்றார்கள். எந்தக் காகிதத்திலும் என் வேலை நேரமோ சம்பளத் தேதியோ எழுதப்படவில்லை. கேட்க வேண்டும் என்றும் எனக்குத் தெரியவில்லை.

ஏன் தாமதம் என்பது பின்னால்தான் புரிந்தது. திட்ட நிதி தவணை தவணையாக வரும். முதல் தவணையைச் செலவிட்டதற்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் அனுப்பினால்தான் அடுத்தது வரும். அதில் யாராவது சுணங்கினால் முதலில் அடிபடுவது கடைசியில் நிற்கும் உதவியாளரின் சம்பளம்தான்.

ஆனாலும் அந்த வேலையை நான் நஷ்டம் என்று சொல்ல மாட்டேன். ஒரு நூலின் முகப்பைப் பார்த்து அச்சான இடம், காலம் கண்டறிவதை அங்கேதான் கற்றேன். அலுவலகத்துக்குக் கடிதம் எழுதக் கற்றதும் அங்கேதான். மதரஸாவில் படித்த அரபு மொழி பல்கலைக்கழகத்தில் ஒரு தகுதி என்பதையும் அங்கேதான் உணர்ந்தேன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் அரபு, பாரசீகம், உருதுத் துறை இருக்கிறது. அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் அம்மொழிகளின் கையெழுத்துப் படிகள் இருக்கின்றன. அரபுத்தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வரும் காலம் இது. நம் ஆலிம்களும் ஆலிமாக்களும் ஒரு பட்டப்படிப்பையும் சேர்த்து முடித்தால் இப்படிப்பட்ட பணிகளுக்கு மற்றவர்களைவிடப் பொருத்தமானவர்கள்.

சேரும் முன் கேட்க வேண்டியவை

1. திட்டத்தின் பெயர், நிதி தரும் நிறுவனம், முடியும் தேதி ஆகியவை பணி ஆணையில் இருக்கின்றனவா? எட்டு மாதத்தில் முடியும் திட்டத்தில் பதினோரு மாத வேலை எப்படிக் கிடைக்கும்?

2. வாரத்துக்கு எத்தனை மணி நேரம்? வெளியூர்க் கணக்கெடுப்பு உண்டா? உண்டென்றால் பயணச் செலவு யாருடையது? பெண் பிள்ளைகளுக்குத் துணையாக யார் வருவார்கள்?

3. சம்பளம் பல்கலைக்கழகக் கணக்கிலிருந்து வங்கி வழியாக வருமா? தவணை தாமதமானால் என்ன ஏற்பாடு?

4. முடிவில் அனுபவச் சான்றிதழ் தருவார்களா? எழுத்து வேலையில் பங்கு இருந்தால் கட்டுரையில் பெயர் வருமா?

இவற்றைப் பணிவாகக் கேட்டால் நல்ல பேராசிரியர் யாரும் கோபப்பட மாட்டார். பேராசிரியரின் வீட்டு வேலையையும் சொந்த வேலையையும் செய்வது உதவியாளரின் கடமை அல்ல என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்புங்கள். அதேபோல, போகாத வீட்டுக்குப் போனதாகக் கணக்கெடுப்புப் படிவத்தை நிரப்புவது அமானத்தில் செய்யும் மோசடி என்பதையும் சொல்லி அனுப்புங்கள்.

வேலை உறுதி, முன்பணம் கட்டுங்கள் என்று யாராவது கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பல்கலைக்கழகத்தின் பெயரில் தனியார் மின்னஞ்சல் முகவரியிலிருந்து வரும் அழைப்பைத் துறை அலுவலகத்தில் நேரில் விசாரிக்காமல் நம்ப வேண்டாம்.

வெளிநாட்டுக்குப் பிள்ளைகளை அனுப்புவோருக்கும் ஒரு வார்த்தை. 'அங்கே பார்ட் டைம் வேலை பார்த்தே ஃபீஸ் கட்டிவிடலாம்' என்று முகவர்கள் சொல்வதை நம்பிக் கடன் வாங்காதீர்கள். பிரிட்டனில் பட்டப்படிப்பு மாணவர் படிப்புக் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். அமெரிக்காவிலும் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம்தான். ஆஸ்திரேலியாவில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம். மீறினால் விசாவே பறிபோகும்.

நம் கல்லூரிகள் செய்யக் கூடியது

சென்னை புதுக்கல்லூரி, திருச்சி ஜமால் முகமது, பாளையங்கோட்டை சதக்கத்துல்லாஹ் அப்பா, வாணியம்பாடி இஸ்லாமியா, உத்தமபாளையம் ஹாஜி கருத்த ராவுத்தர் என்று நம் முன்னோர்கள் கல்லூரிகளைக் கட்டித் தந்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட நிறுவனங்களில் நூலகத்திலும் அலுவலகத்திலும் ஆய்வுத் துறையிலும், சொந்த மாணவர்களுக்கு நாளொன்றுக்கு இரண்டு மணி நேர வேலையை முறைப்படி, எழுத்துப்பூர்வமாக, இன்னும் அதிகமாகத் தர முடியும். ஒரு கல்லூரியில் இருபது பேர் என்றாலும் இருபது குடும்பங்கள்.

இதற்கு ஜகாத் நிதியைப் பயன்படுத்தலாமா என்று நிர்வாகிகள் சிலர் கேட்கிறார்கள். ஏழை மாணவருக்கு ஜகாத்தைக் கொடுத்து அவருக்கே உரிமையாக்கலாம். ஆனால் வேலைக்குக் கூலியாக ஜகாத்தைக் கொடுக்க முடியாது. அது வேலை வாங்கியவர் கொடுக்க வேண்டிய கடன். எனவே இப்படிப்பட்ட பணிகளுக்குக் கல்லூரியின் சொந்த நிதியோ, பொதுவான நன்கொடையோ, அதற்கென்றே செய்யப்படும் வக்ஃபோதான் வழி. வெளிநாட்டில் வாழும் முன்னாள் மாணவர்கள் ஆளுக்கொரு பணியை ஓராண்டுக்குப் பொறுப்பேற்கலாம். பிள்ளைகள் தானமாக வாங்காமல் உழைத்துப் பெறுகிறார்கள் என்பதில் அவர்களின் கண்ணியமும் காக்கப்படும்.

திண்ணையில் கேட்ட சகோதரரிடம் மேலே உள்ள நான்கு கேள்விகளையும் எழுதிக் கொடுத்தேன். அடுத்த ஜும்ஆவுக்குப் பிறகு வந்தார். மகளோடு அவரே துறைக்குப் போயிருக்கிறார். பேராசிரியர் மூன்று கேள்விகளுக்கு எழுத்திலேயே பதில் தந்திருக்கிறார். சம்பளத் தேதி பற்றி மட்டும், 'தவணையைப் பொறுத்தது, உறுதி சொல்ல முடியாது' என்று உள்ளதைச் சொல்லியிருக்கிறார்.

"உள்ளதைச் சொன்னாரே, அதுவே போதும்னு தோணுச்சு ஹஜ்ரத். இரண்டு மாசம் சம்பளம் வரலைன்னாலும் பஸ் காசு நான் கொடுத்துக்கிறேன்னு சொல்லிட்டேன்" என்றார்.

பி.எட். என்ன ஆயிற்று என்று கேட்டேன். "அது எங்கேயும் போயிடாது. பிஎச்.டி.யில் பொண்ணுங்களுக்கு ரெண்டு வருஷம் கூடுதலாத் தர்றாங்களாம், பிரசவத்துக்கு 240 நாள் லீவும் உண்டாம். அந்த அம்மாதான் சொன்னாங்க. கல்யாணம் பேச வர்றவங்ககிட்ட இதையும் சேர்த்துப் பேசணும்" என்றார். பதினைந்து நாட்களுக்கு முன், பதினோரு மாதத்துக்கு அப்பால் எதையும் யோசிக்க முடியாமல் வந்தவர் அவர்.

இந்த வேலைகள் நிரந்தரமல்ல. எல்லாருக்கும் கிடைக்கப் போவதுமில்லை. ஆனால் மூடப்பட்ட கதவு திறக்கும் வரை, திறந்திருக்கும் சிறிய வாசலையாவது நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும். உங்கள் ஊருக்கு அருகிலுள்ள பல்கலைக்கழகத்தின் அறிவிப்புப் பக்கத்தை வாரம் ஒருமுறை பார்த்து, ஜமாஅத் பலகையில் ஒட்டும் பொறுப்பை ஓர் இளைஞரிடம் கொடுங்கள். அதற்குச் செலவு ஏதுமில்லை. அல்லாஹ் நம் பிள்ளைகளின் கல்வியில் பரக்கத் செய்வானாக.