பம்பரை அவசரப்பட்டு மாட்டாதீர்கள்

கீழ் கோத்தகிரிப் பனியில் நிற்கும் பழைய அம்பாசடருக்குப் பெயின்ட் அடிப்பதைவிட, பிறகு பம்பரைத் திரும்ப மாட்டுவதே நுட்பமான வேலை. ஈரக்குளிரில் பெயின்ட் இறுகச் சமவெளியைவிட அதிக நாளாகும். மேலே காய்ந்தது போலிருந்தாலும் அடியில் இளகியே இருக்கும். அதற்குள் கனத்த இரும்பு பம்பரை ஏற்றினால் ஓரம் உரியும், உரிந்த இடத்தில் துரு குடியேறும். குரோம் முன்பக்கம் எவ்வளவு மின்னினாலும், பின்பக்கத் துருவைச் சுரண்டி பிரைமர் அடிக்காதது பாதி வேலைதான். துருப்பிடித்த பழைய போல்ட்டுகளையே முறுக்குவது தவறான சிக்கனம். அம்பாசடர் தயாரிப்பு 2014-லேயே நின்றுவிட்டது. இருக்கும் பம்பரைக் காப்பாற்றத்தான் வேண்டும். பாடி ஓரத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி, இருவர் தூக்கிப் பிடித்து, எல்லா போல்ட்டையும் கையால் திருகி, இருபக்க இடைவெளியும் சரியென்று பார்த்தபின் இறுக்கச் சொல்லுங்கள். மெக்கானிக்கை அவசரப்படுத்தாதீர்கள், வண்டி இன்னும் சில நாள் பட்டறையிலேயே நிற்கட்டும்.