யானைக்காலுக்கு மாத்திரை மட்டும் போதாது

யானைக்கால் நோய் என்றதும் குமரிக் கடலோரத்து மக்களுக்கு நினைவு வருவது வீடு வீடாகக் கொடுக்கப்பட்ட டி.இ.சி. மாத்திரைதான். பெரியவர்களுக்கு 100 மில்லிகிராம் மாத்திரை மூன்று, பின்னாளில் கூடவே ஒரு அல்பெண்டசோல். 2004 முதல் நாடு தழுவிய அளவில் நடந்த இந்த மருந்து வழங்கல் பெரிய சாதனை. ரத்தத்தில் நுண்புழுக்கள் குறைந்தன. கொசு வழியாக நோய் பரவுவது தடைபட்டது. தமிழ்நாட்டின் பெரும்பாலான மாவட்டங்களில் வழங்கலையே நிறுத்த முடிந்தது. ஆனால் ஏற்கெனவே கால் வீங்கிப்போனவருக்கு இந்த வெற்றியால் கிடைத்தது குறைவு. அவருக்கு மாத்திரையோடு உடற்பயிற்சியையும் மருத்துவச் சீட்டில் எழுதித் தர வேண்டும் என்கிறேன்.

காரணம் நோயின் இயல்பிலேயே இருக்கிறது. வளர்ந்த புழுக்கள் பல ஆண்டுகள் நிணநீர்க் குழாய்களுக்குள் தங்கி அவற்றை விரியச் செய்கின்றன. புழு செத்த பிறகும் குழாய் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. அதன் வால்வுகள் சரியாக மூடுவதில்லை. நிணநீரைத் தள்ளுவதற்கு ரத்தத்துக்கு இருப்பதுபோல் ஒரு இதயம் கிடையாது. குழாய்ச் சுவரின் சுருக்கமும், கெண்டைக்கால் தசையின் இயக்கமும், ஆழ்ந்த மூச்சில் நெஞ்சுக்கூட்டில் உண்டாகும் அழுத்த மாற்றமுமே அதை மேலேற்றுகின்றன. குழாய் பழுதானால் தசையும் மூச்சும்தான் கூடுதல் சுமையைத் தாங்கியாக வேண்டும். அந்த வேலையைச் செய்ய எந்த மாத்திரையும் இல்லை.

இதற்கான சான்றுகளைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. காசர்கோட்டில் உள்ள பயன்பாட்டுத் தோல் மருத்துவ நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் ஆலப்புழை, குல்பர்கா மாவட்டங்களில் தோல் பராமரிப்பு, அழுத்தக் கட்டு, யோகா, மூச்சுப் பயிற்சி, தேவையான மருந்துகள் ஆகியவற்றை இணைத்துச் சிகிச்சை அளித்தார்கள். வீக்கமும் காய்ச்சலும் குறைந்ததை 2013இல் வெளியான ஆய்வு காட்டியது. இத்தனையும் சேர்த்துச் செய்ததில் பயிற்சியின் பங்கு எவ்வளவு என்று எப்படிச் சொல்வது என ஒருவர் கேட்கலாம். சரியான கேள்வி. அந்த ஆய்வில் ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இல்லை. வங்கதேசத்தில் நடந்த ஆய்வு இந்தக் குறையை ஓரளவு தீர்க்கிறது. அங்கே இரு தரப்பினருக்கும் வழக்கமான பராமரிப்பு கற்றுத் தரப்பட்டது. ஒரு தரப்பினருக்கு மட்டும் ஆழ்ந்த மூச்சு, சுய நீவுதல் போன்றவை கூடுதலாகச் சேர்க்கப்பட்டன. இரு தரப்பும் தேறின, கூடுதல் பயிற்சி செய்தவர்கள் அதிகமாகத் தேறினார்கள். பயிற்சி புழுவைக் கொல்லும் என்றோ மாத்திரையின் வீரியத்தைக் கூட்டும் என்றோ இதை வைத்துச் சொல்லக் கூடாது. இரண்டும் செய்யும் வேலைகள் வெவ்வேறு; ஒன்றைக் காட்டி மற்றொன்றைக் கைவிடுவது ஆபத்து.

நாள் முழுவதும் மீன் விற்று உழைக்கும் குமரிக் கடலோர மணவாளக்குறிச்சிப் பெண்களுக்குத் தனியாக உடற்பயிற்சி எதற்கு என்ற கேள்வியும் எழும். சந்தையில் மீன் கூடைக்குப் பின்னால் மணிக்கணக்கில் நிற்பது உழைப்புதான், ஆனால் நிணநீருக்கு அது உதவாது. அசையாமல் நிற்கும்போதும் காலைத் தொங்கவிட்டு உட்காரும்போதும் நீர் கீழே தேங்கும். தேவைப்படுவது எளிய அசைவு: உட்கார்ந்தபடி பாதத்தை மேலும் கீழும் ஆட்டுவது, கணுக்காலைச் சுழற்றுவது, சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது, படுக்கும்போது காலை உயர்த்தி வைப்பது. விரலிடுக்கைச் சோப்பு போட்டுக் கழுவி ஈரமில்லாமல் துடைப்பது இவற்றோடு சேர்ந்தே நடக்க வேண்டும். புண் வழியாக நுழையும் பாக்டீரியாவே அடிக்கடி காய்ச்சலைக் கொண்டுவந்து வீக்கத்தைப் பெருக்குகிறது. நெறிகட்டிக் காய்ச்சல் அடிக்கும் நாட்களில் மட்டும் பயிற்சி கூடாது. ஓய்வும் குளிர்ந்த நீர் ஒத்தடமும் மருத்துவரின் மருந்தும் போதும். வலியோடு ஆட்டினால்தான் பலன் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

தமிழ்நாடு அரசு வீக்கம் முற்றிய நான்காம் நிலை நோயாளிகளுக்கு மாத உதவித்தொகை தருகிறது. அது நியாயமானது, தொடர வேண்டும். ஆனால் பயிற்சியால் அதிகம் பயன்பெறக்கூடியவர்கள் முதல் இரண்டு நிலைகளில் இருப்பவர்கள். வீக்கத்தைத் துணியால் மறைத்துக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள். அவர்களைத் தேடிப்போக ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் இயன்முறை சிகிச்சையும் உண்டு. பக்கவாத நோயாளிக்குப் பயிற்சி கற்றுத் தரும் அதே சிகிச்சையாளர் கால் வீங்கியவர் வீட்டிலும் அரை மணி நேரம் செலவிடலாம். ரத்த அழுத்தம் பார்க்க வரும் தன்னார்வலர் ஒரு அளவு நாடாவால் கணுக்காலின் சுற்றளவை மாதம் ஒருமுறை அளந்து தன் ஏட்டில் குறித்துவைக்கலாம். வீக்கம் கூடுகிறதா குறைகிறதா என்பது அப்போது நோயாளிக்கும் தெரியும், சுகாதார நிலையத்துக்கும் தெரியும்.