சி.பி.யூ.வுக்குள்ள ஒரு ஹெலிகாப்டர்!

செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். ஊர்னா நம்ம செஞ்சி. 2025-ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்த 12 மராட்டியக் கோட்டைகள்ல தமிழ்நாட்டுக்கு ஒண்ணே ஒண்ணுதான், அது எங்க கோட்டை! சரி, பெருமை போதும். விஷயத்துக்கு வர்றேன்.

சித்தப்பா திருவண்ணாமலை ரோட்டுல ஒரு பிரவுசிங் சென்டர் வெச்சிருக்கார். ரெண்டு கம்ப்யூட்டர். அதுல ஒண்ணை ஆன் பண்ணா, ராஜகிரி மலையிலேர்ந்து ஹெலிகாப்டர் கிளம்புற மாதிரி 'உய்ய்ய்ங்'னு ஒரு சத்தம். சாயங்காலம் ஷட்டர் இறக்குற வரைக்கும் நிக்காது. ஆன் ஆகும்போது ஸ்கிரீன்ல இங்கிலீஷ்ல ஏதோ ஒரு வரி வரும். சித்தப்பா படிக்காமலே எஃப்1-ஐத் தட்டிட்டுப் போயிடுவார்.

சத்தம்தானேன்னு விட்டுட முடியலை. ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த சீஸன். சுத்துப்பட்டு கிராமத்துப் பசங்க இன்ஜினீயரிங் கவுன்சலிங்குக்கு அப்ளை பண்ண வர்றாங்க. ஒரு பொண்ணு ரிஜிஸ்டர் நம்பர் சொல்லச் சொல்ல, சித்தப்பா 'ஆறு'ங்கிறதை 'நூறு'ன்னு கேட்டு தப்பாத் தட்டிட்டார். நல்லவேளை, சப்மிட் பண்றதுக்கு முன்னாடி அந்தப் பொண்ணே பார்த்துட்டா.

சர்வீஸ் கடையில காட்டினா, "போர்டு போச்சு, புதுசு வாங்கிடுங்க"ன்னுட்டாங்க. கையில இருந்தது தங்கச்சியோட காலேஜ் ஃபீஸுக்கு எடுத்து வெச்ச பணம். சித்தப்பா என்னைப் பார்த்தார். "என்ன இன்ஜினீயரம்மா, மூணு வருஷமா படிக்கிறியே... இதைப் பாரேன்!"

மானப் பிரச்னை ஆயிடுச்சு பாஸ்! என்னென்ன பண்ணேன்னு வரிசையாச் சொல்றேன், உங்களுக்கும் உதவும்.

முதல்ல, எந்த ஃபேன்? பெட்டிக்குள்ள ப்ராசஸர் மேல ஒண்ணு, எஸ்.எம்.பி.எஸ்.க்குள்ள ஒண்ணு, பின்பக்கம் ஒண்ணு. நோட்டுப் பேப்பரைக் குழலாச் சுருட்டிக் காதுல வெச்சுக் கேளுங்க. 'கரகர'ன்னா பேரிங் தேய்ஞ்சிருக்கு. 'உய்ங்'னா வேகமாச் சுத்துது. எங்களுது ப்ராசஸர் ஃபேன், 'உய்ங்' ரகம்.

ரெண்டாவது, வேலை அதிகமா? கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அமுக்கினா டாஸ்க் மேனேஜர் வரும். சும்மா இருக்கும்போதே சி.பி.யூ. 80, 90 சதவிகிதம் காட்டினா, ஏதோ ஒரு புரோகிராமோ வைரஸோ பின்னாடி ஓடுதுன்னு அர்த்தம். எங்களுக்கு 4 சதவிகிதம்தான்.

மூணாவது, சூடு. பயாஸுக்குள்ள போய்ப் பார்த்தா 78 டிகிரி! ஒரு வேலையும் செய்யாம இவ்வளவு சூடா?

பவர் ஒயரைப் பிடுங்கிட்டு, பவர் பட்டனைப் பத்து செகண்ட் அமுக்கிப் பிடிச்சு மிச்சக் கரன்ட்டைக் காலி பண்ணிட்டு, பெட்டியைத் தெருவுக்குத் தூக்கிட்டு வந்து திறந்தேன். ஃபேனுக்குக் கீழ இருக்கிற ஹீட் சிங்க்ல கம்பளி மாதிரி தூசி! நெல் சீஸன்ல மார்க்கெட் கமிட்டிக்கு வர்ற லாரிங்க கிளப்புற புழுதியில ஒரு பங்கு இங்கேதான் இருந்திருக்கு.

கோட்டையில கல்யாண மஹால் பார்த்திருக்கீங்களா? மாடி மாடியாத் திறப்புங்க, வெயில்லயும் காத்து வரும். அதையெல்லாம் சாக்கு கட்டி அடைச்சா என்ன ஆகும்? அதேதான் ஹீட் சிங்க்லயும்! பெயின்ட் பிரஷ்ஷாலயும் ப்ளோயராலயும் சுத்தம் பண்ணேன். ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால பிடிச்சுக்கணும். தாறுமாறாச் சுத்த விட்டா பேரிங் போயிடும். காய்ஞ்சு போன தெர்மல் பேஸ்ட்டைத் துடைச்சுட்டு, புதுசு ஒரு பட்டாணி அளவு வெச்சேன்.

ஆன் பண்ணா 46 டிகிரி. சூப்பர்! ஆனா சத்தம்? அதே 'உய்ய்ய்ங்'!

சித்தப்பா ஒண்ணும் சொல்லலை. வழக்கம்போல எஃப்1-ஐத் தட்டினார். அப்பத்தான் முதல்முறையா அந்த வரியைப் படிச்சேன். 'சி.பி.யூ. ஃபேன் எரர்'!

கண்ணு முன்னாடி ஃபேன் சுத்துது, ஃபேனைக் காணோம்னு போர்டு சொல்லுதே? ஒயரைப் பின்தொடர்ந்து போனேன். அந்த ஃபேனுக்கு நாலு பின். ஒண்ணு கிரவுண்ட், ஒண்ணு 12 வோல்ட், ஒண்ணு 'எவ்வளவு வேகமாச் சுத்துறேன்'னு போர்டுக்குச் சொல்றது, நாலாவது 'இவ்வளவு வேகம் போதும்'னு போர்டு கட்டளை போடுறது. முன்னாடி எப்பவோ ரிப்பேர் பார்த்தவர், அதை சி.பி.யூ. ஃபேன் இடத்துல மாட்டாம, பக்கத்துல இருந்த மூணு பின்ல செருகி வெச்சிருக்கார். அதுலயும் பொருந்தும். ஆனா கட்டளை போற நாலாவது ஒயர் அந்தரத்துல! நிறுத்தச் சொல்ல ஆளில்லாத ஃபேன், 12 வோல்ட்டையும் வாங்கிட்டு முழு வேகத்துல ஓடிட்டே இருந்திருக்கு.

ஆக, நோய் ஒண்ணு இல்லை, ரெண்டு. தூசியால சூடு. ஒயரால சத்தம். நான் ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சுட்டேன்.

ஆஃப் பண்ணி, இடம் மாத்தி மாட்டி, பயாஸ்ல ஃபேன் கன்ட்ரோலை 'ஆட்டோ'வுல வெச்சேன். எஃப்1 கேட்கலை. ஹெலிகாப்டர் இறங்கிடுச்சு. கடையில சீலிங் ஃபேன் சத்தம் கேட்டுச்சுன்னா பார்த்துக்கோங்க!

செலவு? ஒரு ட்யூப் பேஸ்ட்டும் ஒரு பிரஷ்ஷும். தங்கச்சி ஃபீஸ் பத்திரம்.

ரெண்டே எச்சரிக்கை. எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் திறக்காதீங்க. ஒயரைப் பிடுங்கின பிறகும் உள்ளே கெப்பாசிட்டர்ல கரன்ட் நிக்கும். அப்புறம், ஃபேனுக்குத் தேங்காய் எண்ணெய் விடுற பாட்டி வைத்தியம் வேணாம். கரகரன்னா புது ஃபேன்தான் மருந்து.

ஃபேன் எப்பவும் சுத்துறது தப்பில்லை மக்களே. சூடு இல்லாதப்பவும் அலறினாத்தான் தப்பு. அந்த ஒரு வரியை முதல் நாளே படிச்சிருந்தா எனக்கு ரெண்டு நாள் மிச்சம். மூணு வருஷம் இன்ஜினீயரிங் படிச்ச எனக்கு, ஸ்கிரீன்ல இருக்கிறதைப் படின்னு சொல்லிக் கொடுத்தது சித்தப்பாவோட எஃப்1 பட்டன்!

அடுத்த வாரம் பார்ப்போம். டாட்டா!