தேர்ந்தெடுக்கப்படாதவர்களின் கதைகள்

கோடை விடுமுறைக்கு வந்திருந்த அக்கா மகள், ஹாரி பாட்டர் நான்காவது புத்தகத்தைப் பாதியில் மடித்து வைத்துவிட்டுக் கேட்டாள்: "சித்தி, ஹெர்மயோனி சரியாத்தானே சொல்றா? அப்புறம் ஏன் எல்லாரும் சிரிக்கிறாங்க?"

அவள் கேட்டது வீட்டு எல்ஃப்களைப் பற்றி. அந்த மந்திரப் பள்ளியின் விருந்து மேசையில் தட்டுகள் தாமாக நிரம்புகின்றன என்றுதான் அதுவரை படித்துக்கொண்டு வருகிறோம். நான்காவது புத்தகத்தில்தான் தெரிகிறது, கீழே அடுக்களையில் நூற்றுக்கும் மேற்பட்ட எல்ஃப்கள் கூலியில்லாமல் சமைத்துக்கொண்டிருக்கின்றன என்று. ஹெர்மயோனி சாப்பாட்டைத் தள்ளி வைக்கிறாள். சங்கம் தொடங்குகிறாள். பேட்ஜ் செய்து விற்கிறாள். நண்பர்கள் கிண்டல் செய்கிறார்கள். எல்ஃப்களே அவள்மீது கோபப்படுகின்றன. அவற்றுக்கு அந்த வேலைதான் பிடித்திருக்கிறதாம். (ஆடை கொடுத்தால்தான் எல்ஃபுக்கு விடுதலை என்றொரு விதி வேறு. தோள்சீலைப் போராட்டம் நடந்த மண்ணுக்குப் பக்கத்திலிருந்து படிக்கும் நமக்கு அது சாதாரணமாகக் கடந்துபோகும் விதியல்ல.)

"அவங்களுக்கே அதுதான் பிடிச்சிருக்கு." இந்த வசனத்தை நாம் எத்தனை வீடுகளில் கேட்டிருக்கிறோம்! ஆனாலும் பதினான்கு வயதில் நான் அந்தப் புத்தகத்தைப் படித்தபோது நானும் சேர்ந்து சிரித்தேன். அடுக்களையில் இருந்தவர்கள் யார் என்று எனக்கு உறைக்கவில்லை. நான் ஹாரியோடு மேசையில் உட்கார்ந்திருந்தேன்.

மிகைப்புனைவு நாவல்களில் பெரும்பாலானவை நம்மை அந்த மேசையில்தான் உட்கார வைக்கின்றன. நாயகன் எங்கோ குப்பத்தில் வளர்வான். கடைசியில் பார்த்தால் அரச ரத்தம். இல்லாவிட்டால் ஏதோ ஒரு தீர்க்கதரிசனம் அவனைத் தேர்ந்தெடுத்திருக்கும். உழைத்துச் சேர்த்தது எதுவும் அவனைக் காப்பாற்றாது, பிறப்புதான் காப்பாற்றும். வருணத்தைக் கேள்வி கேட்கிற நாம் இதை எப்படி இத்தனை நாள் கைதட்டிப் படித்தோம் என்பது எனக்கே ஆச்சரியம்.

"அப்போ விட்டுத் தொலையேன், வரலாறு படி" என்றார் ஒரு தோழர். எனக்கு அதில் உடன்பாடில்லை. நாளைய உலகத்தைக் கற்பனை செய்வது நம் மரபுக்குப் புதிதல்ல. 1940களிலேயே பெரியார் 'இனி வரும் உலகம்' எழுதி, கம்பியில்லாத் தந்திக் கருவி ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இருக்கும் என்றும், ஆண் பெண் சேர்க்கை இல்லாமலே பிள்ளை பிறக்கும் என்றும் சொல்லிவிட்டுப் போனார். ஆகவே விடவில்லை. மின்சார ரயிலில் வேலைக்குப் போய்வரும் நேரத்தில், இந்த ஆறு மாதத்தில் ஆங்கிலத்தில் மூன்று நாவல்கள் படித்தேன். மெதுவாகத்தான் ஓடியது. ஆனால் மூன்றும் என்னை அந்த மேசையிலிருந்து எழுப்பிவிட்டன.

முதலில் என். கே. ஜெமிசின் எழுதிய 'தி ஃபிஃப்த் சீசன்'. 2015இல் வந்தது. மூன்று நாவல்கள் கொண்ட வரிசையில் முதலாவது. 2016, 2017, 2018 என்று அடுத்தடுத்து மூன்று ஆண்டுகள் இந்த வரிசையின் மூன்று நாவல்களுக்கும் ஹியூகோ விருது கிடைத்தது. சிறந்த நாவலுக்கான ஹியூகோவைப் பெற்ற முதல் கறுப்பின எழுத்தாளர் அவர்.

நிலநடுக்கம் ஓயாத ஒரு கண்டம். அங்கே சிலர் ஒரோஜீன்களாகப் பிறக்கிறார்கள். நிலத்தின் அதிர்வை அடக்கவும் கிளப்பவும் அவர்களால் முடியும். நிலம் நடுங்காமல் இருப்பதே அவர்களால்தான். அவர்களைத்தான் ஊர் அடித்துக் கொல்கிறது. கதை தொடங்குவதே ஒரு தாய், செத்துக் கிடக்கும் தன் சின்ன மகனின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதோடு. அடித்துக் கொன்றவன் தகப்பன். பிள்ளை ஒரோஜீன் என்று தெரிந்த அன்றே கொன்றுவிட்டான். பெற்றவர்களே பிள்ளையைக் கொல்வார்களா என்று வேறு நாட்டு வாசகர் அதிர்ச்சியடையலாம். ஆணவக் கொலைச் செய்திகளை வாரம்தோறும் பகிர்ந்துகொண்டிருக்கும் நமக்கு அந்தப் பக்கத்தில் அதிர்ச்சி இல்லை, களைப்புதான் வருகிறது.

இந்த நாவலில் 'சாதி' என்ற சொல்லே வெளிப்படையாக இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் இரண்டாவது பெயர் அவர்களுடைய பயன்பாட்டுச் சாதி: உடலுழைப்புக்காரர், கண்டுபிடிப்பாளர், தலைமைக்காரர், நோய் தாங்குபவர் என்று. மகளுக்குத் தாயின் சாதி, மகனுக்குத் தகப்பன் சாதி. முதலில் இதைப் படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆனால் போகப் போக இந்தச் சாதிகள் வெறும் வேலைப் பட்டியலாகவே இருக்கின்றன. யாரும் யாரையும் மணக்கலாம். தீட்டு இல்லை. அண்ணல் அம்பேத்கர் 1916லேயே சொல்லிவிட்டார், சாதியின் உயிர்நாடி அகமணம் என்று. அகமணம் இல்லாத இடத்தில் சாதி எப்படி நிற்கும்? ஜெமிசின் சொல்லை எடுத்துக்கொண்டு பொருளை விட்டுவிட்டார் என்று குறைப்பட்டுக்கொண்டேதான் படித்தேன்.

பிறகு வேறொன்று பிடிபட்டது. சாதி என்று பெயர் ஒட்டிய இடத்தில் சாதி இல்லை. பெயர் ஒட்டாத இடத்தில் இருக்கிறது. ஒரோஜீன்களைப் பயிற்றுவிக்கும் நிறுவனம்தான் யார் யாரோடு படுக்க வேண்டும், யாருக்கு யார் பிள்ளை பெற வேண்டும் என்று உத்தரவிடுகிறது. ஒருவரையொருவர் பிடிக்காத இருவரைப் பிள்ளை பெறுவதற்காகவே ஒன்றாகப் பயணம் அனுப்புகிறது. உழைப்பையும் கருப்பையையும் சேர்த்துப் பிடித்து வைத்திருப்பது அங்கேதான். ஆசிரியர் தெரிந்து செய்தாரா தெரியாமல் செய்தாரா என்பது எனக்கு முக்கியமில்லை. அண்ணலைப் படித்துவிட்டு இந்த நாவலுக்குள் போனால் இது கண்ணில் படும்.

அந்தப் பயணத்தில் ஓர் இடம் வரும். நெடுஞ்சாலை ஓரங்களில் நிலையங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஓர் ஒரோஜீன் இருந்து, பக்கத்து ஊர்களுக்குச் சின்ன அதிர்வுகூட வராமல் பார்த்துக்கொள்வதாகச் சொல்லப்படுகிறது. அது கீழ்நிலை வேலை, சலிப்பான வேலை என்றுதான் எல்லோருக்கும் தெரியும். ஒரு நிலையத்துக்குள் நுழைந்து பார்த்தால், கம்பி நாற்காலியில் கட்டப்பட்ட ஒரு குழந்தை. சிந்திக்கும் திறன் அறுத்தெடுக்கப்பட்டு, அதிர்வை அடக்கும் அனிச்சைச் செயல் மட்டும் மிச்சம் வைக்கப்பட்ட குழந்தை. ரயிலில் அந்தப் பக்கங்களைப் படித்துக்கொண்டிருந்தேன். அதற்குமேல் படிக்க முடியாமல் போனை அணைத்துப் பைக்குள் போட்டேன். மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடை செய்து 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம். இன்னும் மூடியைத் திறந்து ஆளை இறக்கிக்கொண்டுதான் இருக்கிறோம். மேலே நகரம் மணக்கிறது.

இவ்வளவு பாராட்டியும் ஒரு விஷயத்தை என்னால் விழுங்க முடியவில்லை. ஒரோஜீன்கள் உண்மையிலேயே ஆபத்தானவர்கள். கோபம் வந்தால் ஓர் ஊரையே அழிக்க முடியும். அப்படியென்றால் ஊர்க்காரர்களின் பயத்துக்கு ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது. நம்முடைய கதை அதுவல்ல. என் தாத்தாவின் கை பட்டு எந்தக் குவளையும் வெடிக்கவில்லை. நம்மைக் கண்டு பயப்பட அவர்களிடம் எந்தக் காரணமும் இருந்ததில்லை. ஒடுக்கப்பட்டவர்களுக்கு அதிசய சக்தி கொடுத்து அவர்கள் பக்கம் நிற்பது மிகைப்புனைவில் பழைய பழக்கம். நல்ல எண்ணத்தோடு செய்தாலும், ஒடுக்கியவனுக்கு அது ஒரு சாக்கைக் கையில் கொடுத்துவிடுகிறது.

தாத்தாவைப் பற்றிச் சொன்னேன். இரண்டாவது நாவல் அவரால்தான் எனக்கு முக்கியமானது.

ஆக்டேவியா பட்லரின் 'கிண்ட்ரட்', 1979. இதில் அதிசய சக்தி எதுவும் கிடையாது. 1976இல் லாஸ் ஏஞ்சலஸ் அருகே வாழும் டானா என்ற கறுப்பினப் பெண், திடீர் திடீரென்று அடிமை முறை நடந்துகொண்டிருந்த மேரிலாண்டுக்குள் இழுக்கப்படுகிறாள். எப்படி என்று பட்லர் விளக்கவே இல்லை. அங்கே ரூஃபஸ் என்ற வெள்ளைப் பண்ணையாரின் மகனுக்கு உயிராபத்து வரும்போதெல்லாம் இவள் போய்க் காப்பாற்றியாக வேண்டும். ஏனென்றால் அவன் இவளுடைய முன்னோன். அவன் ஒரு கறுப்பினப் பெண்ணை வன்கொடுமை செய்து பிறக்கப்போகும் பிள்ளையின் வழியில்தான் இவள் வந்திருக்கிறாள். அவனைச் சாக விட்டால் இவள் இல்லை.

இந்த நாவலை எழுதத் தூண்டியது எது என்று பட்லர் சொல்லியிருக்கிறார். கல்லூரியில் உடன் படித்த ஒரு கறுப்பின இளைஞர், அடங்கிப் போன முந்தைய தலைமுறையின்மீது கடும் கோபம் கொண்டிருந்தாராம். அவர்களை எல்லாம் கொன்றுவிட வேண்டும், ஆனால் என் பெற்றோரிடமிருந்து அல்லவா தொடங்க வேண்டியிருக்கும் என்கிற அளவுக்கு. பட்லரின் அம்மா வெள்ளையர் வீடுகளில் வேலை செய்தவர். பின்வாசல் வழியாக உள்ளே போவதைச் சின்னப் பெண்ணாகப் பக்கத்தில் நின்று பார்த்தவர் பட்லர்.

அந்த இளைஞர் நான்தான். பதினேழு வயதில், கல்லூரியில் சேர்ந்த முதல் வருடம், ஊருக்கு வந்திருந்தேன். தாத்தா தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தன் பேரன் வயதுள்ள பையனிடம் "சொல்லுங்க ஆண்டே" என்று நின்றதைப் பார்த்தேன். வீட்டுக்கு வந்ததும் அவரைக் கத்தித் தீர்த்தேன். உங்களால்தான் நாங்கள் இப்படி இருக்கிறோம் என்றுகூடச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போய்விட்டார். நான் இரண்டாம் வருடம் படிக்கும்போது இறந்துபோனார்.

'கிண்ட்ரட்'டில் சாரா என்றொரு சமையல்காரி வருகிறாள். அவள் பெற்ற பிள்ளைகளை எசமான் விற்றுவிட்டான். வாய் பேச முடியாத ஒரு மகளை மட்டும் விட்டு வைத்திருக்கிறான். தப்பிப்பதைப் பற்றிப் பேசினாலே சாரா வாயை மூடச் சொல்கிறாள். டானாவுக்கு முதலில் அவள்மீது இளக்காரம். பிறகு தன் முதுகில் சவுக்கு விழுந்தபின், தானே அடங்கிப் போகும் வேகத்தைப் பார்த்து டானாவுக்குப் பயம் வருகிறது. எத்தனை சீக்கிரம் பழகிவிடுகிறது! அந்த மகளைக் காப்பாற்ற சாரா கொடுத்துக்கொண்டிருந்த விலை அந்த மௌனம்.

தாத்தா நான்கு பிள்ளைகளைப் படிக்க வைத்தார். காலனியில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆட்களில் ஒருவர் என் அப்பா. ஆண்டையிடம் பகை வந்திருந்தால் அந்தப் பள்ளிக்கூடத்துப் பாதையே அடைபட்டிருக்கும் என்பதை இப்போது என்னால் கணக்குப் போட முடிகிறது. அப்போது முடியவில்லை. நம் மேடைகளில் "அடங்க மறு" என்று முழங்கும்போது நானும்தான் முழங்குகிறேன். ஆனால் அடங்கியவர்களைப் பற்றி நம்மிடம் ஒரு நல்ல நாவல் அளவுக்கேனும் பொறுமை இருக்கிறதா?

மூன்றாவது நாவல்தான் என்னைச் சிக்கலில் மாட்டிவிட்டது. கொழும்பைச் சேர்ந்த வஜ்ர சந்திரசேகர எழுதிய 'தி செயின்ட் ஆஃப் பிரைட் டோர்ஸ்'. 2023இல் வந்து, நெபுலா விருது பெற்றது. இதில் நாயகன் தேர்ந்தெடுக்கப்பட்டவன்தான். ஆனால் அதை உதறிவிட்டு நகரத்துக்கு ஓடி வந்துவிட்டவன். அங்கே அவனைப் போலத் தேர்வாகித் தவறிப்போன தீர்க்கதரிசிகளும் அவதாரங்களும் கூடிப் பேச ஒரு குழு வைத்திருக்கிறார்கள். அந்த இடத்தில் வாய்விட்டுச் சிரித்தேன். அந்த நகரத்தில் இனம், சாதி வகைப்பாடுகள் எந்த ஒழுங்கிலும் அடங்காமல் பெருகிக் கிடக்கின்றன. கலவரங்கள் வந்து வந்து போகின்றன, மழை மாதிரி. தடுப்பு முகாம்கள் இருக்கின்றன. அவற்றைப் பற்றிப் பேசாமலே மற்றவர்கள் வாழ்கிறார்கள்.

நாயகனின் பெயர் ஃபெட்டர். தளை என்று பொருள். புத்தர் தன் மகனுக்கு வைத்த ராகுலன் என்ற பெயருக்கு மரபு சொல்லும் பொருளும் தளைதான். ஆம், மனைவியையும் மகனையும் விட்டுப்போய் மகானாகிவிட்ட தகப்பன் ஒருவன் இந்த நாவலில் இருக்கிறான். அவனைக் கொல்வதற்காகவே தாய் மகனை வளர்க்கிறாள்.

எங்கள் வீட்டுக் கூடத்தில் அண்ணலும் புத்தரும் ஒரே சட்டகத்தில் இருக்கிறார்கள். 1956 அக்டோபர் 14 எங்களுக்குத் திருநாள். அந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்து இந்த நாவலைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. கைவிடப்பட்ட மனைவி என்கிற பார்ப்பனியப் பிரச்சாரத்தையே இவரும் எழுதுகிறாரா? அண்ணல் தன் நூலில், முதியவரையும் பிணத்தையும் பார்த்துத்தான் சித்தார்த்தர் வீட்டை விட்டார் என்ற கதையை ஏற்கவே இல்லை. ரோகிணி ஆற்று நீருக்காகச் சாக்கியருக்கும் கோலியருக்கும் வந்த சண்டையில் போரை எதிர்த்ததால் வெளியேற நேர்ந்தது என்றும், யசோதரை அதற்கு மனமொப்பி விடை கொடுத்தார் என்றும் எழுதினார்.

இதையெல்லாம் ஒரு தோழியிடம் கொட்டினேன். இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கான முகாமில் பிறந்து வளர்ந்தவள். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "உங்கட புத்தர் வேற. எங்கட அம்மம்மா ஊருக்கு ஆமியோட வந்து அரசமரத்துக்குக் கீழ இருந்த புத்தர் வேற. அந்தாள் எழுதினது அவரைத்தான்."

பதில் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. 1898இல் அயோத்திதாசப் பண்டிதர் பௌத்தம் ஏற்றது கொழும்பில். சாதி இல்லாத வழி ஒன்றைத் தேடிக் கடல் கடந்து போய்ச் சேர்ந்த ஊர் அது. அதே தீவில், பௌத்தத்துக்கு முதன்மை இடம் என்று அரசியலமைப்பில் எழுதி வைத்துக்கொண்டு, 1983 ஜூலையும் நடந்தது, அதற்குப் பின்னாலும் நடந்தது. எனக்கு விடுதலையான ஒருவர் இன்னொருத்திக்குக் காவலரண். இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல எனக்கு இதுவரை பழக்கமில்லை. அண்ணல் பழைய கதையை மாற்றி எழுதியது சரி என்றால், தன் நாட்டு மடங்களோடு கணக்குத் தீர்க்க ஒரு கொழும்புக்காரர் மாற்றி எழுதுவதை எந்த நியாயத்தில் தடுப்பது? நாவலின் நடுப்பகுதி இழுவைதான். முகாமுக்குள் நடக்கும் பக்கங்களைப் பாதியாகக் குறைத்திருக்கலாம் என்றேன். முகாம் என்றால் அப்படித்தான் இழுக்கும் என்றாள் அவள்.

அவளிடம் 'புத்தரும் அவர் தம்மமும்' தமிழ்ப் பிரதியைக் கொடுத்திருக்கிறேன். ரோகிணி ஆறு வரைக்கும் வந்துவிட்டாளாம். யசோதரை அவ்வளவு லேசாக விடை கொடுத்ததைத்தான் நம்ப முடியவில்லை என்று நேற்று இரவு குரல்பதிவு அனுப்பியிருந்தாள். நாலு நிமிடம். இன்னும் பதில் போடவில்லை.